சில்வானோவுக்கு இரண்டு அறிவிப்புகள்

பொர்தோமாரோவில் ஒருவர் இறந்துவிட்டார் என்பதைச் சுவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்வோம். காலையில் காப்பிக் கடைக்குப் போகும் வழியில் மீன்சந்தைச் சுவர். அதில் கறுப்புக் கரை போட்ட தாள் ஒன்று புதிதாக இருக்கும். நடுவில் பெரிய எழுத்தில் இறந்தவர் பெயர். அதற்குக் கீழே, இந்தத் துயரச் செய்தியைத் தெரிவிப்பவர்கள் இன்னார் இன்னார் என்று வரிசை. முதல் வரி கணவனுக்கோ மனைவிக்கோ உரியது. அப்புறம் பிள்ளைகள், உடன்பிறந்தவர்கள், மைத்துனர்கள், அண்ணன் தம்பி பிள்ளைகள். கடைசி வரியில் நண்பர்கள், கூட வேலை பார்த்தவர்கள். அந்த வரிசையைப் பத்திரிகையைவிடக் கவனமாகப் படிப்போம். யார் பெயர் எந்த வரியில் இருக்கிறது, யார் பெயர் இல்லை, அது விட்டுப்போனதா, விடப்பட்டதா என்று பேசி முடிக்க ஒரு காப்பி போதாது.

அந்தத் தாளை யாரும் கிழிக்க மாட்டார்கள். தேர்தல் சமயத்தில் ஒரு கட்சியின் தாள்மேல் இன்னொரு கட்சி ஒட்டி, அதன்மேல் மூன்றாவது கட்சி ஒட்டிச் சுவரே தடித்துப்போகும். அப்போதும் கறுப்புக் கரையை மட்டும் சுற்றிக்கொண்டு போவார்கள். அதைக் காற்றும் மழையும்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். இதற்குச் சட்டம் எதுவும் கிடையாது. காரணம் கேட்டாலும் சொல்லத் தெரியாது.

1991ஆம் ஆண்டு பிப்ரவரியில் ஒரு காலை அந்தச் சுவரில் ஒரே மனிதருக்கு இரண்டு அறிவிப்புகள் இருந்தன. ரெமீஜோ தி லல்லோவின் அரசியல் வாழ்க்கை அங்கேதான் தொடங்கியது. பின்னாளில் பெஸ்காராவிலும் ரோமிலும் அவரைப் பற்றிப் பெரிய சொற்களில் பேசினார்கள். நான் எங்கள் நகராட்சி மன்றத்தில் கூட்டக் குறிப்பு எழுதும் வேலையில் இருந்தவன். பெரிய சொற்களை வருடக்கணக்காகக் கேட்டு எழுதி அவற்றின்மேல் எனக்கு மரியாதை குறைந்துவிட்டது. அதனால் நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

ரெமீஜோ நகராட்சியின் சுவரொட்டி ஒட்டுகிறவர். மூன்று சக்கர வண்டி, ஒரு ஏணி, பசை வாளி, நீளக் கைப்பிடி வைத்த தூரிகை. இளமையில் தூரினுக்குப் போய்க் கார்த் தொழிற்சாலையில் சில ஆண்டுகள் வேலை பார்த்தார். அங்கே தன்னைப் போன்ற ஆண்களும் பெண்களும் ஒரு கிடங்கில் கூடி, தங்களை மறைத்துக்கொள்ளாமல் பேசுவதைக் கேட்டார். ஒருமுறை நீதிமன்ற வாசலில் அவர்களோடு பதாகை பிடித்து நின்று போலீஸிடம் அடியும் வாங்கினார். இதெல்லாம் எங்களுக்கு வெகுகாலம் கழித்துத்தான் தெரிந்தது. தாய் படுக்கையில் விழுந்ததும் ஊர் திரும்பினார். தாய் இறந்த பின்னும் திரும்பிப் போகவில்லை. காரணம் சில்வானோ.

சில்வானோ மீன்பிடிக் கப்பல்களின் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவர். அதிகம் பேசமாட்டார். துறைமுகத்துக்கு மேலே ஒரு கட்டடத்தின் இரண்டாம் மாடியில், எதிரெதிர் கதவுகளில் இருவரும் குடியிருந்தார்கள். இரண்டு வீடு, இரண்டு அழைப்புமணி. ஆனால் துணி காயும் கயிறு ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமைகளில் இருவரும் சில்வானோவின் அக்கா எர்சிலியா வீட்டில் சாப்பிடுவார்கள். எர்சிலியா ரொட்டிக் கடை வைத்திருந்த விதவை; ஊரில் எல்லோரும் அவரை மரியாதையாகத் தொன்னா எர்சிலியா என்பார்கள். தம்பிக்கு முதல் தட்டு, ரெமீஜோவுக்கு இரண்டாவது தட்டு, மூன்றாவதுதான் தன் மகனுக்கு. ஊருக்கு எல்லாம் தெரியும், ஆனால் யாரும் எதுவும் சொல்வதில்லை. தெரிந்ததைச் சொல்லாமல் இருப்பது எங்கள் ஊரில் ஒரு விதமான கருணை. அந்தக் கருணைக்குள் ஒரு மனிதன் எவ்வளவு காலம் மூச்சுவிட முடியும் என்பதை நாங்கள் யோசித்ததில்லை.

பெரார்தோவின் கப்பலில் இயந்திர அறைக்குள் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தபோது சில்வானோவின் இதயம் நின்றுவிட்டது. அன்று மாலையே எர்சிலியா சமையலறை மேசையில் உட்கார்ந்து அறிவிப்புக்கு வாசகம் எழுதிக்கொண்டிருந்தார். எதிரில் ரெமீஜோ நின்றிருந்தார். அங்கே நடந்த பேச்சை ரெமீஜோ என்னிடம் சொன்னார். பல ஆண்டுகள் கழித்து எர்சிலியாவும் சொன்னார். இரண்டுக்கும் வேறுபாடே இல்லை.

“தொன்னா எர்சிலியா, எனக்கு ஒரு வரி வேணும்.”

“போடறேனே. கப்பல்காரங்களுக்கு அடுத்து, நண்பர்கள்னு. உன் பேரைத் தனியாவே போடச் சொல்றேன்.”

“கடைசி வரி இல்ல. முதல் வரி.”

எர்சிலியா எழுதுகோலைக் கீழே வைத்தார். “முதல் வரியில என்னன்னு போட? நீயே சொல்லு. என்ன வார்த்தை போட?”

அதற்கு உரிய வார்த்தை அன்று எங்கள் யாரிடமும் இல்லை.

“வார்த்தை வேண்டாம். பேரு மட்டும்.”

“பேரு மட்டும் போட்டா வார்த்தையை ஊரு கேக்கும். என் கடைக்கு வந்து கேக்கும். ரொட்டி வாங்க வர்ற ஒவ்வொருத்தியும் கேப்பா. உனக்கென்ன, வாளியைத் தூக்கிட்டு அடுத்த தெருவுக்குப் போயிடுவ.”

“ஞாயித்துக்கிழமை உங்க மேசையில சாப்ட்டேனே, அப்ப நான் யாரு?”

“பசியோட வந்தவன். போய் ஒட்டு. நேரா ஒட்டு.”

ரெமீஜோ ஒட்டினார். தன்னோடு வாழ்ந்தவரின் இறப்பை, தன் பெயர் இல்லாத தாளில், ஊரின் எல்லாச் சுவர்களிலும் ஒட்டினார். அன்று நான் பார்த்தேன். தாளின் நடுவில் தூரிகையை வைத்து, ஓரங்களுக்கு இழுத்து, காற்றுக் குமிழ்களை உள்ளங்கையால் தடவி வெளியேற்றி, இறங்கி நின்று பார்த்துவிட்டு மறுபடி ஏறி ஒரு மூலையை அழுத்தினார். ஒன்றுகூடக் கோணவில்லை.

மறுநாள் அடக்கம். எங்கள் ஊரில் தேவாலய வாசலில் குடும்பத்தார் வரிசையாக நிற்பார்கள், ஊரார் ஒவ்வொருவராகக் கையைப் பற்றித் துக்கம் கேட்டுவிட்டுப் போவார்கள். வரிசையில் இல்லாதவரிடம் துக்கம் கேட்கும் வழக்கம் இல்லை. எர்சிலியா நின்றார், அவர் மகன் நின்றான், இறந்துபோன மூத்த அண்ணனின் மகன் பெஸ்காராவிலிருந்து வந்து நின்றான். ரெமீஜோ எதிர்ப்புறம் குழாயடியில் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். எல்லோரும் அவரைக் கடந்து போனார்கள். யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. சிலர் தலையசைக்கவும் செய்தார்கள். கையை மட்டும் யாரும் நீட்டவில்லை.

அதற்கு மறுநாள் காலைதான் இரண்டாவது அறிவிப்பு. அதே அளவு, அதே கறுப்புக் கரை, நகராட்சி முத்திரையும் முறையாக இருந்தது. எர்சிலியாவின் தாளுக்குப் பக்கத்தில், அதை ஒரு விரல்கூடத் தொடாமல் ஒட்டப்பட்டிருந்தது. சில்வானோவின் பெயர். கீழே ஒரே வரி: துயரத்துடன் தெரிவிப்பவர், அவருடன் வாழ்ந்த ரெமீஜோ.

காப்பிக் கடையில் அன்று நின்று குடிக்க இடமில்லை.

“ஒரே ஆளு ரெண்டு தடவை செத்துட்டானா?” என்றார் பெரார்தோ. கப்பல் சொந்தக்காரர், குரல் பெரியது.

“மொதத் தடவை அக்காவுக்கு. ரெண்டாந்தடவை...” என்று இன்னொருவர் ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். ரெமீஜோ வாளியை வாசலில் வைத்துவிட்டு உள்ளே வந்தார். அவர் தன் காப்பியைக் கேட்டு வாங்கினார்.

பெரார்தோவால் சும்மா இருக்க முடியாது. “ஏண்டா ரெமீஜோ, இழவுத் தாளை ஒட்டிட்ட. உன் கல்யாணத் தாளை நாங்க பாக்கவே இல்லையே.”

“ஒட்டறதுக்கு நீங்க சுவர் குடுக்கலையே, பெரார்தோ.”

சிலர் சிரித்தார்கள். யாரைப் பார்த்துச் சிரித்தோம் என்று அவர்களுக்கே தெரிந்திருக்காது. ரெமீஜோ காப்பியை முடித்துவிட்டு வாளியை எடுத்துக்கொண்டு போனார்.

மதியத்துக்குள் மேயர் கூப்பிட்டுவிட்டார். மேயர் யாருஸ்ஸி பல் மருத்துவர். கெட்டவர் அல்ல, சத்தம் பிடிக்காதவர், அவ்வளவுதான். அறையில் நானும் இருந்தேன்.

“எடுத்துடு, ரெமீஜோ.”

“முத்திரை இருக்கு, டாக்டர். கட்டணமும் கட்டியாச்சு.”

“முத்திரையைப் பத்தி நான் பேசல.”

“அப்ப எதைப் பத்திப் பேசறீங்க?”

மேயர் சன்னலைப் பார்த்தார். அந்த வார்த்தை அவரிடமும் இல்லை. “சரி, கிழிக்க வேண்டாம். இழவுத் தாளைக் கிழிக்கச் சொன்னேன்னு எனக்குப் பேரு வேண்டாம். அது மேல வேற ஏதாவது ஒட்டிடு. நாய் வரி அறிவிப்பு கட்டுக்கட்டா கெடக்கு.”

“இந்த ஊர்ல ஒட்டறவன் நான் ஒருத்தன்தான். என்னால முடியாது, டாக்டர். வேற ஆளைப் பாருங்க.”

வேறு ஆளாக நகராட்சிக் காவலர் ஒருவரை அனுப்பினார்கள். அவருக்குப் பசை தடவத் தெரியாது. தொப்பி, பித்தளைப் பொத்தான், கையில் வாளி, கக்கத்தில் நாய் வரி. மீன்சந்தை கலையும் நேரம். தூரிகையை அவர் உயர்த்தியபோதே சன்னல்கள் திறந்துவிட்டன. “செத்தவன் தாளு மேலயா கை வைக்கிற?” என்று ஒரு பெண் மேலிருந்து கேட்டார். காவலர் உத்தரவு என்றார். அப்போது எதிர்க் கடையிலிருந்து எர்சிலியா வந்தார். முழங்கைவரை மாவு.

“கையை எடு.”

“தொன்னா எர்சிலியா, இது உங்களுக்காகத்தான். உங்க தாளை நான் தொடல. அந்த இன்னொண்ணு...”

“அதுல யாரு பேரு இருக்கு? படி.”

காவலர் படித்தார். “சில்வானோ.”

“என் தம்பி பேரு மேல நாய் வரி ஒட்டுவியா நீ?”

எர்சிலியா அந்த இரண்டாவது தாளில் முதுகைச் சாய்த்து, கைகளைப் பின்னால் ஊன்றி நின்றார். காவலர் வாளியோடு திரும்பிப் போகும்வரை நகரவில்லை. எர்சிலியா விலகியபோது தாளின் கீழ்ப்பகுதியில் மாவுக் கைத்தடம் பதிந்திருந்தது. ரெமீஜோவின் பெயர்மேல் பாதி. பெயர் மறைந்ததுபோலவும் இருந்தது, மறையாததுபோலவும் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்காமல் கடைக்குள் போய்விட்டார்.

அந்த ஆண்டு மழை தாமதித்தது. ஈஸ்டர்வரை தாள் நின்றது. வெறுத்தவர்களும் அதைத் தினமும் படித்தார்கள். கிழிக்க அவர்கள் கைக்கும் வழக்கம் இல்லை.

துணிவு என்று நாம் மெச்சுவதில் பெரும்பகுதி கோபம்தான் என்று நான் நினைப்பதுண்டு. கோபம் ஒரு காலைப் பொழுதுக்குப் போதும். ஒரு சுவரொட்டிக்கும் போதும். கோபம் ஆறிய பிறகு அந்த மனிதன் என்ன செய்கிறான் என்று பார்க்காமல் அவனைப் பற்றி எதுவும் சொல்லக்கூடாது. ரெமீஜோவை நான் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பார்த்தேன்.

இரண்டு ஆண்டு கழித்து நகராட்சித் தேர்தல் வந்தது. நகராட்சி ஊழியர் அதே நகராட்சியின் மன்றத்தில் உட்கார முடியாது. நின்று ஜெயிக்க வேண்டுமென்றால் வேலையை விட வேண்டும். ரெமீஜோ வாளியையும் ஏணியையும் ஒப்படைத்துவிட்டு, துறைமுகத் தெருவில் சுவர்த்தாளும் வண்ணமும் விற்கும் சிறு கடை போட்டார். வேட்பாளராக நின்றபோது எதையும் மறைக்கவில்லை. பிரசாரக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து, நீங்கள் அந்த மாதிரி ஆளா என்று கேட்டார். “ஆமா. மீன்சந்தைச் சாக்கடையைப் பத்தியும் கொஞ்சம் பேசலாமா?” என்றார் ரெமீஜோ.

“யாருக்கு ஓட்டுன்னு நான் சொல்ல மாட்டேன்,” என்றார் பெரார்தோ காப்பிக் கடையில். “ஆனா அந்தச் சாக்கடையில நாலு மேயர் மூக்கைப் பொத்திக்கிட்டுப் போயிட்டாங்க. இவன் பசை நாத்தத்துல வளந்தவன். எறங்குவான்.”

ஜெயித்தார். சாக்கடையிலும் இறங்கினார். ஆனால் முதல் கூட்டத்திலேயே அவர் கொண்டுவந்த தீர்மானம் வேறு: மணம் செய்துகொள்ளாமலோ செய்துகொள்ள முடியாமலோ சேர்ந்து வாழ்பவர்கள், அவர்கள் யாராக இருந்தாலும், தங்கள் பெயர்களை நகராட்சியில் பதிந்துகொள்ளலாம். மன்றத்தில் சிரிப்பு எழுந்தது. ஓர் உறுப்பினர் கேட்டார், “இந்த ஊர்ல எத்தனை பேருக்கு இது வேணும், சொல்லுங்க பாப்போம்?”

“எனக்கு வேண்டியிருந்தப்ப இன்னொருத்தனுக்கும் வேண்டியிருந்துச்சு. அவனுக்கு இப்ப வேண்டாம்.”

கூட்டக் குறிப்பில் “மன்றத்தில் அமைதி” என்று நான் எழுதியது என் பணிக்காலத்தில் அந்த ஒருமுறைதான்.

தீர்மானம் தோற்றது. அடுத்த ஆண்டு மறுபடி கொண்டுவந்தார். தோற்றது. அதற்கடுத்த ஆண்டும். அவருக்கு மனம் கசக்கவில்லை. தோற்ற மறுநாள் எதிர்த்து வாக்களித்தவரின் தெருவிளக்குக்காக மின்துறையோடு சண்டை போடுவார். பெஸ்காராவில் தன்னைப் போன்றவர்களுக்காக ஒரு சங்கம் தொடங்கி, வாரத்தில் மூன்று மாலை பேருந்தில் போய் ஒரு தொலைபேசி முன் உட்கார்ந்தார். வீட்டிலிருந்து துரத்தப்பட்டவர்கள், துரத்தப்படுவோம் என்று பயந்தவர்கள், திருமணமாகிப் பேரப்பிள்ளை எடுத்த பின் முதல்முறை பேசுகிறவர்கள் எல்லோரும் அந்த எண்ணுக்கு அழைப்பார்கள். ஒருமுறை நான் கூடப் போயிருந்தேன். வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டு, “அம்மாகிட்ட இன்னைக்கே சொல்லணும்னு இல்ல. மொதல்ல சாப்ட்டீங்களா?” என்றார். பேச்சு என்று அவ்வளவுதான். அந்தப் பக்கத்துக் குரல் அழுது ஓய்வது எனக்கும் கேட்டது.

ரெமீஜோவின் கடைக் கண்ணாடியை யாரோ கல்லால் உடைத்தார்கள். உடைந்த இடத்தில் நல்ல சுவர்த்தாள் ஒன்றை ஒட்டி, அதன் விலையையும் எழுதிவைத்தார். எங்கள் வட்டாரத்தில் சங்கத்தாரின் முதல் ஊர்வலத்தை ஏற்பாடு செய்தபோது பெரார்தோ கேட்டார், “ஊர்வலமாமே. சாமி சிலை எது?”

“நான்தான். தூக்க ஆளு பத்தல, வர்றியா?”

“முதுகு சரியில்லடா.”

“உனக்கு எப்பவும் வேண்டிய நாள்லதான் முதுகு சரியில்லாமப் போகும்.”

ரோமிலிருந்து ஒரு கட்சி வந்து நாடாளுமன்றத்துக்கு நிற்கச் சொன்னது. நின்றார், கொஞ்ச வாக்கு வித்தியாசத்தில் தோற்றார். திரும்பி வந்ததும் காப்பிக் கடையில் “வருத்தமா?” என்று கேட்டார்கள். “அந்தக் கட்டடத்துல பூரா பளிங்கு. பசை பிடிக்காது,” என்றார்.

இத்தனைக்கும் நடுவே ஒவ்வொரு பிப்ரவரியிலும் சுவரில் சில்வானோவின் நினைவுநாள் அறிவிப்பு வரும். எர்சிலியா கொடுப்பது. அக்கா, அக்கா மகன், அண்ணன் மகன். ரெமீஜோவின் பெயர் இருக்காது. ரெமீஜோவின் இடத்தில் வந்த புதிய ஆள் தாளைச் சாய்த்து ஒட்டுவார். அன்று பிற்பகல் ஈரத்துணியோடு நகராட்சி உறுப்பினர் ஒருவர் சுவர் சுவராகப் போய், பசை காய்வதற்குள் தன் பெயர் இல்லாத தாளை நேராக்கிவிட்டு வருவார். ஊர் இதைப் பார்த்தது. எர்சிலியாவும் கடை வாசலிலிருந்து பார்த்தார். இருவரும் காலை வணக்கம் மட்டும் சொல்லிக்கொள்வார்கள். ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாடு அந்த அடக்கத்தோடு நின்றுபோயிருந்தது.

இரண்டாவது தாளை ஏன் மறுபடி ஒட்டவில்லை என்று ஒருநாள் கேட்டேன்.

“அது நானே எனக்குப் போட்டுக்கிட்ட பேரு,” என்றார். “அது ஒரு தடவைதான். இனிமே அவங்க போடணும்.”

“சட்டம் வந்தா?”

“சட்டம் வரும். சட்டம் வந்தா உரிமை கெடைக்கும். அந்த வரிசையில எனக்கு எடம் குடுக்க வேண்டியது எர்சிலியா.”

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு நாட்டின் சட்டத்தை மாற்றப் பாடுபட்ட மனிதர் தனக்கென்று விரும்பியது ஒரு ரொட்டிக் கடைக்காரி கையால் ஒரு வரி. இரண்டையும் அவர் குழப்பிக்கொள்ளவே இல்லை. சட்டத்தைக் கேட்டு வாங்கலாம், அதற்காகக் கத்தலாம். அந்த ஒரு வரியைக் கேட்டு வாங்க முடியாது என்று தெரிந்து, கேட்காமல் காத்திருந்தார். இவ்வளவு நீண்ட பொறுமையைப் புத்தகங்களில் படித்திருக்கிறேன். அது துணியைப் பிழிந்தபடி தெருவில் நடந்து போவதைப் பார்த்தபோது அடக்கமான ஒரு பயம் வந்தது. மலையடியில் நிற்கும்போது வருவது.

பதிவுத் தீர்மானம் கடைசியில் ஒரே ஒரு வாக்கில் நிறைவேறியது. அந்த வாக்கு யாருஸ்ஸியுடையது. மேயர் பதவி போய், வயதாகி, பின்வரிசையில் தூங்கிக்கொண்டிருப்பவர் அன்று கையை உயர்த்தினார். வெளியே வந்து ரெமீஜோ காரணம் கேட்டார். “இத்தனை வருஷம் கையைக் கீழயே வெச்சிருந்ததுல வலி எடுத்துடுச்சு,” என்றார் கிழவர்.

2016இல் ரோமில், ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் சேர்ந்து வாழ்வதைப் பதிய, நாடு முழுவதற்கும் சட்டமே வந்தது. இலையுதிர் காலத்தில் எங்கள் மன்ற அறையில் முதல் இணைப்பு: சந்தையில் கணவாய் விற்கும் பெண்ணுக்கும் ஒரு செவிலிக்கும். மேயர் சார்பில் நாட்டின் மூவண்ணப் பட்டையைத் தோளில் குறுக்காகப் போட்டு ரெமீஜோ சட்ட வாசகத்தைப் படித்தார். பசை தடவும்போது கை எப்படிப் போகுமோ அப்படி ஒவ்வொரு சொல்லும் ஓரம்வரை போயிற்று. கடைசி வரிசையில் எர்சிலியா உட்கார்ந்திருந்தார். எண்பத்தைந்து வயது, கறுப்பு உடை. மண வீட்டு வழக்கப்படி சர்க்கரை பூசிய பாதாமை எல்லோருக்கும் கொடுக்கும் முன்பே எழுந்து போய்விட்டார்.

அடுத்த வாரம் நகராட்சிக்கு வந்தார். கைத்தடி, மூச்சிரைப்பு. என் மேசைக்கு எதிரில் ரெமீஜோ கோப்பு பார்த்துக்கொண்டிருந்தார்.

“உன் ஆளு ஒட்டறது சரியில்ல. என் புருஷனோட நினைவுநாள் தாளு கரை தட்டின கப்பல் மாதிரி சாஞ்சு நிக்குது.”

“அவரு என் ஆளு இல்ல, தொன்னா எர்சிலியா. நகராட்சி ஆளு.”

“எல்லாம் ஒண்ணுதான். என் தாளை நீதான் ஒட்டணும்.”

“உங்களுக்கு என்ன இப்ப? நல்லாத்தானே இருக்கீங்க.”

“நல்லா இருக்கறப்பவே எழுதி வெக்கணும். செத்தப்புறம் விட்டா என் மருமக வயசைக் கூட்டிப் போட்டுருவா.”

பையிலிருந்து மடித்த தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். தன் இறப்பு அறிவிப்பைத் தானே எழுதியிருந்தார். எங்கள் ஊர் முதியவர்கள் செய்வதுதான். ரெமீஜோ கண்ணாடியைப் போட்டு, விரலை வரி வரியாக நகர்த்திப் படித்தார். மகன். மருமகள். பேரன்கள். பெஸ்காராவில் இருக்கும் அண்ணன் மகன். அதற்குக் கீழே விரல் நின்றது.

மைத்துனர் ரெமீஜோ.

ரெமீஜோ அந்த வரியை மறுபடி விரலால் தொட்டுப் படித்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“அண்ணன் மகனுக்குக் கீழ போட்டிருக்கீங்க.”

“அவன் ரத்தம்.”

“மைத்துனர் அண்ணன் மகனுக்கு முன்னாடி வரணும். ஒட்டி ஒட்டிப் பாத்தவன் சொல்றேன்.”

“அளவுக்கு மேல கேக்காத.” என்றாலும் என் மேசையிலிருந்த பேனாவை எடுத்தார். அந்தப் பெயரிலிருந்து மேலே ஓர் அம்பு இழுத்தார். “போதுமா?”

“போதும்.”

“பாதாம் எனக்கு வரலையே.”

“நீங்கதான் பாதியில எந்திரிச்சுப் போயிட்டீங்க.”

“ஞாயித்துக்கிழமை கொண்டு வா. ஒரு மணிக்கு. லேட்டா வந்தா ஆறிடும்.”

எர்சிலியா அதற்குப் பிறகு மூன்று ஆண்டு இருந்தார். ஞாயிற்றுக்கிழமை மேசையில் ரெமீஜோவுக்கு இரண்டாவது தட்டு. முதல் தட்டு யாருக்கும் வைக்கப்படவில்லை.

ஒரு நவம்பரில் இறந்தார். அன்று எழுபதைத் தாண்டிய ரெமீஜோ நகராட்சிக் கிடங்குக்குப் போய்த் தன் பழைய வாளியைக் கேட்டார். அந்த வயதில் ஏணி வேண்டாம் என்றோம். புதிய ஆள் ஏணியைப் பிடித்துக்கொண்டார். மீன்சந்தைச் சுவரில், நடுவில் தூரிகை வைத்து, ஓரங்களுக்கு இழுத்து, உள்ளங்கையால் தடவினார். தன் பெயர் இருக்கும் வரியையும் மற்ற வரிகளைப் போலவே தடவினார், கூடவும் இல்லை, குறையவும் இல்லை. இறங்கி நின்று பார்த்தார். நேராக இருந்தது.

மறுநாள் தேவாலய வாசலில் குடும்பத்தார் வரிசை. மகன், மருமகள், பேரன்கள், அடுத்து ரெமீஜோ. குழாயடியில் யாரும் இல்லை. ஊரார் ஒவ்வொருவராகக் கையைப் பற்றி நகர்ந்தார்கள். பெரார்தோ இரண்டு கைத்தடியோடு வந்தார். ரெமீஜோவின் முன்னால் நின்று, ஒரு தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கையை நீட்டினார்.

“உன் துக்கத்துல நானும் இருக்கேன், ரெமீஜோ.”

“நன்றி, பெரார்தோ.”

கையை விடவில்லை. “ரெண்டு பேருக்கும் சேத்து.”

ரெமீஜோ அவரைப் பார்த்தார். “ரொம்ப லேட்டு, பெரார்தோ.”

“வரிசை நீளம்டா,” என்றார் பெரார்தோ.

பின்னால் நின்றவர்கள் காத்திருந்தார்கள். பிறகு அவர்களும் வந்தார்கள். முதியவர்களில் பலர் ரெமீஜோவின் கையை மற்றவர்கள் கையைவிடச் சற்றுக் கூடுதலாகப் பிடித்திருந்துவிட்டு விட்டார்கள். அவர் ஒவ்வொருவருக்கும் நன்றி சொன்னார்.